தலைகீழாக வாசித்த பிள்ளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். சிங்கப்பூரில் நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரின் நலமறிய ஆவல்.

நேற்றுத் தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாய். நான்கு வயது முடிந்தும் பேரன் எழுத்து அட்டையைக் கண்டால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறானாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு மொழிகளில் வாசிக்கிறதாம். அடுத்த வீட்டு உலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் வீட்டுச் சோறு குழைந்துவிடும், மகளே.

நீ எழுத்துப் படித்த கதை உனக்கு நினைவிருக்காது. 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எனக்கு வயது 24, உனக்கு மூன்று. பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு, இரவில் பிள்ளையார் கோவில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவோம். வீட்டில் விட்டால் அழுவாய் என்று உன்னையும் தூக்கிப் போவேன். நீ எனக்கு எதிரே உட்கார்ந்து என் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் நான் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்க, எதிர்ப்பக்கத்திலிருந்து 'பட்டம்' என்றாய். திண்ணையே சிரித்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் ரோஷம். பிறகு பள்ளியில் சேர்த்தபோது நீ புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் கண்ணில் கோளாறா என்று கேட்டார்.

உன்னை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா இந்தக் கோடுகளோடு மல்லுக்கட்டுகிறாள் என்று பார்த்தாய். எதற்கு என்பதும் உனக்குத் தெரிந்தே இருந்தது. கைநாட்டு வைத்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நான் வருவதைக் கண்டிருக்கிறாய். அறந்தாங்கி பஸ் எது என்று ஆளாளுக்கு நான் கேட்டு நின்றதையும் கண்டிருக்கிறாய். நான் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட அன்று, நீ கரித்துண்டால் சுவர் முழுக்கக் கிறுக்கினாய். அப்பா அடிக்க வந்தார். நான் விடவில்லை.

அப்பத்தாளை மறந்துவிடாதே. ஓர் எழுத்தும் அறியாதவள். தினமும் நல்லதங்காள் கதை சொல்வாள். தூக்கக் கலக்கத்தில் ஏழு பிள்ளைகளில் ஒன்றை விட்டுவிட்டால், "ஆறுதான் வந்தது" என்று நீ எழுந்து உட்கார்ந்து சண்டை போடுவாய். எனக்கு எழுத்துக் கிடைத்தது திண்ணையில். உனக்கு அந்த எழுத்து வந்து உட்காருவதற்கு இடம் போட்டு வைத்திருந்தது அப்பத்தாளின் வாய்.

இப்போது உன் வீட்டைப் பார். சாப்பிடு, தூங்கு, செருப்பைப் போடு. இந்த மூன்றைத் தவிர வேறு தமிழ் அவன் காதில் விழுகிறதா? நீ அனுப்பிய படத்தில் உ-வுக்கு உரல் இருந்தது. அவன் உரலை எங்கே கண்டான்? 247 எழுத்தையும் ஒப்பித்தாலும், அவற்றை வைத்து யாரிடம் என்ன சொல்லப்போகிறான்? நானாக இருந்தாலும் மேசைக்கு அடியில்தான் போயிருப்பேன்.

அட்டைகளை எடுத்து உள்ளே வை. ஞாயிற்றுக்கிழமை காய்கறிச் சீட்டைத் தமிழில் எழுதி அவன் கையில் கொடு. வழியில் லிட்டில் இந்தியா ரயில் நிலையப் பலகையில் தமிழ் இருக்கிறதே, அதன் அடியில் கொஞ்சம் நில். அவனுக்குக் கால் வலித்தால் விட்டுவிடு. இரவில் கதை சொல். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவன் திருத்தட்டும். மாப்பிள்ளையும் சொல்லலாம், அவர் வாய் ஒன்றும் தேய்ந்துவிடாது.

இந்த உறைக்குள் பேரனுக்கும் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் ஒரே விடுகதை: "அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், ஆனால் அழ வைப்பான். யார்?" அவன் கேட்டால் மட்டும் வாசித்துக் காட்டு. விடையைச் சொல்லிவிடாதே. நீ சாம்பாருக்கு நறுக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வை.

இப்படிக்கு,
அம்மா