எண்ணெய் நிறத்துக்கு ஓர் எண் வேண்டும்: மதுரை வட்டாரச் செக்கு உரிமையாளர்களுக்கும் எண்ணெய் வியாபாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, விருதுநகர் பகுதிகளில் செக்கு நடத்தும் பெரியோர்களுக்கும், அவர்களிடம் கொள்முதல் செய்யும் மொத்த வியாபாரிகளுக்கும் வணக்கம்.

எண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வேதியியலாளர் நான். நம் பக்கத்தில் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் விலை பேசும்போது நிறம் எவ்வளவு பெரிய இடம் பிடிக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நிறத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எனக்குப் பெரிய குறை இருக்கிறது. சாம்பிள் பாட்டிலைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்து, "கொஞ்சம் கறுப்பு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் டின்னுக்கு விலை இறங்கிவிடுகிறது. எவ்வளவு கறுப்பு, எதைவிடக் கறுப்பு என்று கேட்க வழியே இல்லை.

சென்ற வைகாசியில் எனக்குத் தெரிந்த ஒரு செக்கு உரிமையாளர் நகரத்து மொத்தக் கடை ஒன்றுக்கு அனுப்பிய நல்லெண்ணெய் அப்படியே திரும்பி வந்தது. அனுப்பியவர் முற்பகல் வெயிலில், ஒல்லியான பாட்டிலில் ஊற்றி நிறம் பார்த்திருந்தார். வாங்க வேண்டியவர் இரவில், டியூப் லைட் வெளிச்சத்தில், பதினைந்து கிலோ டின்னின் வாயைத் திறந்து மேலிருந்து பார்த்தார். இருவரும் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் டின்னின் ஆழத்தில் அந்த எண்ணெய் கறுத்துத்தான் தெரியும். எந்த நல்லெண்ணெயும் அப்படித்தான் தெரியும். வண்டி வாடகை வீணானது. பல வருடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் இன்று பேசிக்கொள்வதில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் இந்தச் சண்டையைத் தவிர்க்கும் வழி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

ஜோசப் வில்லியம்ஸ் லோவிபாண்ட் என்ற ஆங்கிலேயர் பீர் வடிக்கும் தொழிலில் இருந்தவர். பீரின் நிறத்தை ஒரே சீராக மதிப்பிட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டுகளைப் படிப்படியாக நிறம் கூடும் வரிசையில் அமைத்து, அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை உருவாக்கினார். 1885-இல் சால்ஸ்பரி நகரில் அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். இன்றும் எண்ணெய் ஆய்வகங்களில் டின்டோமீட்டர் என்று நாங்கள் சொல்வது அந்தக் கருவியைத்தான். பார்வைக் குழாய் வழியே நோக்கினால் பக்கத்தில் பக்கமாக இரண்டு வெளிச்சப் பகுதிகள் தெரியும். ஒன்றில் எண்ணெயின் நிறம்; மற்றதில் கண்ணாடிகளின் நிறம். சிவப்பும் மஞ்சளும் 0.1 முதல் 70 அலகு வரை உண்டு, நீலம் 40 வரை. இரண்டு பகுதிகளுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும் வரை கண்ணாடிகளைக் கூட்டியும் குறைத்தும் பொருத்துவதுதான் வேலை. எண்ணெயில் பச்சைச் சாயல் இருந்தால் நீலக் கண்ணாடியும் தேவைப்படும்.

கிடைத்த அலகுகளை ஒரே எண்ணாகச் சொல்ல, மஞ்சளோடு சிவப்பின் ஐந்து மடங்கைக் கூட்டுகிறோம். மஞ்சள் 20, சிவப்பு 2.4 என்று பொருந்தினால் நிறம் 32. அக்மார்க் தர விதிகளில் எண்ணெய்களுக்கான நிற வரம்பு இந்தக் கணக்கில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த ஆழமுள்ள கண்ணாடிக் கலத்தில் பார்த்தோம் என்பதை எழுதாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கால் அங்குலக் கலம் உண்டு, ஓர் அங்குலக் கலம் உண்டு, வெளிறிய சுத்திகரிப்பு எண்ணெய்களுக்கு ஐந்தே கால் அங்குலக் கலமும் உண்டு. ஒரு கலத்தில் எடுத்த எண்ணை மற்றொரு கலத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. திரும்பி வந்த அந்த நல்லெண்ணெய் விஷயத்தில் நடந்த தவறு முழுவதும் இதுதான்.

கருவி மட்டும் போதாது. பார்க்கும் கண்ணும் ஒழுங்குக்கு உட்பட வேண்டும். கசடு நீங்கிய, வடிகட்டிய, பளிச்சென்று தெளிந்த எண்ணெயைத்தான் கலத்தில் ஊற்ற வேண்டும். கலங்கல் இருந்தால் ஒளி சிதறி நிறம் பொய்யாகும். மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயை முழுக்க உருக்கிய பிறகே பார்க்க வேண்டும். கலத்தின் சுவரில் விரல் ரேகை படியக் கூடாது. தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். சில நொடி பார்த்து, பார்வையை விலக்கி, மறுபடி பார்க்க வேண்டும். சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத நிறப்பார்வைக் குறை பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. கொள்முதலுக்கு நிறம் பார்ப்பவர் ஒரு முறையாவது நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கண் மருத்துவத்துக்குப் பேர்போன இந்த ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை.

நம் எள்ளுக்கும் இந்த அலகுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெய் இருந்தால் ஃபர்ஃபுராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் வரும். போதுவான் சோதனை என்பது அதுதான். அந்தச் சிவப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் கலத்தில் லோவிபாண்ட் அளவில் 2.0 சிவப்பு அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது விதி. சட்டமே நிறத்தை இப்படிக் கலத்தோடும் எண்ணோடும் சொல்லும்போது, வியாபாரத்தில் நாம் ஏன் வாய்ச்சொல்லோடு நிற்க வேண்டும்?

ஆனால் இந்த எண்ணிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். நிறத்தைப் பார்த்துக் கலப்படம் கண்டுபிடிக்க முடியாது. வெளிறிய மலிவு எண்ணெயில் சாயம் சேர்த்தால் நல்ல எண்ணெயின் நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன. கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய் என்றும் அர்த்தமில்லை. கறுப்பு எள், கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்த எள் ஒவ்வொன்றும் நிறத்தை மாற்றும். "வெளிறியிருந்தால் சுத்தம்" என்ற எண்ணம் சுத்திகரிப்பு எண்ணெய் பரவிய பிறகு நம் சமையலறைகளில் குடியேறியது. அது மரச்செக்குத் தொழிலுக்குச் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. நிற எண் சொல்வது ஒன்றைத்தான்: போன முறை வந்த எண்ணெயும் இந்த முறை வந்ததும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, பேசிய நிறமும் வந்த நிறமும் ஒன்றா என்பது.

இதெல்லாம் ஆய்வகக்காரர்களின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நெல் விவசாயிகளுக்கு வேளாண்மைத் துறையினர் இலை வண்ண அட்டையைப் பழக்கியிருக்கிறார்கள். முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் தன் உடம்பின் நிழலில் வைத்து, அட்டையின் பச்சைகளோடு பொருத்திப் பார்த்து யூரியா இடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்து, நிலையான நிறத்தோடு ஒப்பிடு, எண்ணை எழுதிவை என்ற அதே முறைதான் அது. வயலில் செய்ய முடிகிற வேலை செக்குக் கூடத்தில் முடியாதா?

ஆகவே உங்களிடம் கேட்பது இது. ஒவ்வொரு செக்கும் தனித்தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. உள்நாட்டிலேயே தயாராகும் டின்டோமீட்டர்கள் கிடைக்கின்றன. வட்டாரத்துக்கு ஒன்று வாங்கி, சங்கத்தின் பொது இடத்தில், வெளி வெளிச்சம் படாத அறையில் வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு சாம்பிள் எடுத்து அரக்கு முத்திரை வைத்து, ஒன்றை விற்பவரும் ஒன்றை வாங்குபவரும் இருட்டான இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பில்லில் எடைக்குப் பக்கத்தில் நிற எண்ணையும் கலத்தின் அளவையும் எழுதுங்கள். தானியங்கிக் கருவியில் பார்த்திருந்தால் அதையும் குறியுங்கள். கண்ணால் எடுத்த எண்ணும் கருவி எடுத்த எண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மொத்த வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: சரக்கைத் திருப்பி அனுப்பும் முன் அதே கலத்தில், அதே கருவியில் ஒரு முறை பார்த்துவிட்டு, அந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்த எள் பட்டத்துக்கு முன்பாகச் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கருவியை அமைக்கவும், இரண்டு மூன்று இளைஞர்களுக்குப் பார்த்துப் பழக்கவும் நான் கூலி வாங்காமல் வந்து வேலை செய்கிறேன். பெண்களையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எண்ணெய் ஆய்வக வேதியியலாளர்,
திருமங்கலம்