கடைசித் தெருக் குழாயிலும் குளோரின் இருக்கக் கோரி மனு

அனுப்புநர்:
கடலோர மீனவர் குடியிருப்புப் பொதுமக்கள்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: குடிநீர் வழியே பரவும் காமாலை வைரஸைத் தடுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடித்த ஊர் எங்களுடையது. காவிரி கூட்டுக் குடிநீர் வந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கடற்கரைத் தெருவுக்கு அது வந்து சேரும் விதம் பயமாக இருக்கிறது. அழுத்தம் போதாததால் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கித்தான் குடம் பிடிக்கிறோம். தண்ணீர் நின்றதும் அந்தக் குழியில் சாக்கடை தேங்குகிறது. காலியான குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்த முறை திறந்தால் முதல் குடத்திலேயே வாடை. தெருவில் பலருக்கு மஞ்சள் காமாலை. கர்ப்பிணிகளுக்கு, தண்ணீர் வழியே பரவும் காமாலை வகையான ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் வீட்டுக்கு வீடு கவலை.

சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடும்போது வைரஸின் பெரும்பகுதி கசடோடு ஒட்டிப் படிந்துவிடும். ஒட்டாமல் தப்பியதை மணல் வடிகட்டி பிடிக்காது, அவ்வளவு நுண்ணியது அது. மிஞ்சியதைக் கொல்வதும், வழியில் கலப்பதைச் சமாளிப்பதும் குளோரின்தான். 1955-56இல் டெல்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்தபோது, கூடுதல் குளோரின் போட்டும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. பாக்டீரியாவால் வரும் டைபாய்டு மட்டும் கூடவில்லை. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பியது. அதனால் 'கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இல்லை' என்ற சான்று மட்டும் எங்களுக்குப் போதாது.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500படி, தண்ணீரில் கரைந்து மிஞ்சி நிற்கும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் பாதுகாப்பு தேவையென்றால் குறைந்தது 0.5. எங்கள் ஊருக்கு இந்த 0.5தான் வேண்டும். அதை மேல்நிலைத் தொட்டியடியில் பார்த்தால் போதாது, கடைசித் தெருக் குழாயில் தினமும் பார்த்து, அளவைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். குளோரின் கலந்து அரை மணி நேரமாவது கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம், உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடர் ஈரம் கோத்து வீரியம் இழந்துவிடுகிறது. மூடிய டப்பாவில், புதிதாக வேண்டும்.

இதெல்லாம் உடனே செய்யக்கூடியவை. குழிக் குழாய்களைத் தரைக்கு மேலே ஏற்றி, அழுத்தம் கிடைக்க வழிசெய்ய நிதி ஒதுக்கவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்