பறிக்காமலும் பூக்களைக் கொண்டாடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசந்தகாலக் காட்டுப்பூக்களைக் கொண்டாடும் வகையில் பூங்காக்களில் நடைப்பயணமும் கைவினைப் பயிற்சியும் நடத்தப்படுவது வரவேற்கத்தக்கது. மிதவெப்ப மண்டலக் காடுகளில் இப்பூக்களுள் பலவற்றின் காலம் மிகக் குறுகியது. மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்கு முன், தரையில் வெயில் விழும் சில வாரங்களுக்குள் அவை துளிர்த்து, பூத்து, விதை உதிர்த்து, மீண்டும் மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. ஆகவே, விழாவின் தேதியை நாட்காட்டியைப் பார்த்தன்றி, மொட்டுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கைவினைப் பயிற்சிக்காகக் காட்டுப்பூக்கள் பறிக்கப்படுமோ என்பதில்தான் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. டிரில்லியம் என்னும் காட்டுப்பூச் செடி போன்றவை விதையிலிருந்து முதல் பூவை எட்டவே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். டிரில்லியம் பூவுடன் அச்செடியின் மூன்று இலைகளும் சேர்ந்து பறிபோனால், நிலத்தடித் தண்டுக்கு அந்த ஆண்டு உணவு கிடைக்காது. அதன் விதையில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காக எறும்புகள் விதையைச் சுமந்து சென்று பரப்புகின்றன என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினால், பறிக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

காகிதப் பூக்கள், களிமண் உருவங்கள், செடியின் அருகில் அமர்ந்து வரையும் ஓவியங்கள் ஆகியவை போதுமானவை. பூக்களை அழுத்தி உலர்த்தக் கற்பிப்பதாயின், தோட்டத்தில் வளர்த்த பூக்களையே பயன்படுத்தலாம். நடைப்பயணத்தில் சிறு குழுக்களாகப் பாதையை விட்டு விலகாமல் செல்வதும் அவசியம். மிதிபட்டு இறுகிய மண்ணில் வேர்கள் மூச்சுவிட இயலாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்