199-ஆவதாக வந்த கோலி

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். 22 வயதாகியும் என்ஹெச்எல்லில் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) இடம் பிடிக்காத கோலியை, அதாவது கோல் காவலரை, கழித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒப்பவில்லை. டொமினிக் ஹாஷெக்கைப் பார்.

1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பார்துபிட்சேயில் பிறந்தவர். 16 வயதிலேயே ஊர் அணிக்கு முதல் டிவிஷனில் கோல் காத்தார். என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1983-இல், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை எடுத்தது, பத்தாவது சுற்றில், 199-ஆவது ஆளாக. கம்யூனிஸ்ட் நாட்டின் இரும்புத் திரைக்குள், வெளியேற முடியாமல் இருப்பவருக்கு யார் முதல் சுற்றைச் செலவழிப்பார்கள்? 1987, 1989 இரண்டிலும் பார்துபிட்சேதான் சாம்பியன். சிகாகோவில் அவர் கால் வைத்தபோது வயது 25.

அங்கே இன்னொரு கோலி எட் பெல்ஃபோர் அதே சீசனில் கால்டர் (சிறந்த புதுமுகம்), வெசினா (சிறந்த கோலி) விருதுகள் இரண்டையும் தட்டிச் சென்றார். ஹாஷெக் பெரும்பாலும் இண்டியானாபோலிஸ் துணை அணியில்தான். இரண்டு சீசனில் பிளாக்ஹாக்ஸுக்காக ஆடியது மொத்தம் 25 ஆட்டம்.

அவருடைய ஆட்டமும் கோச்சுகளை மிரட்டியிருக்கும். முழங்கால்களைச் சேர்த்து இறங்கி, கால் பேடுகளை இருபுறமும் விரித்துக் கோலின் கீழ்ப்பகுதியை அடைப்பது பட்டர்ஃபிளை என்ற பாணி. ஹாஷெக்கோ உருளுவார், மல்லாந்து காலைத் தூக்குவார், ஸ்டிக்கைப் போட்டுவிட்டு பிளாக்கர் (ஸ்டிக் பிடிக்கும் கையுறை) கையாலேயே பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, அமுக்குவார். கோலின் உயரம் 4 அடி. கோலி சீக்கிரம் விழுந்துவிட்டால் கோலின் மேல் மூலைகள் திறந்து கிடக்கும். எதிரணியில் பொறுமையான ஆள் ஒரு நொடி காத்து பக்கை மேலே தூக்கி அடித்துவிடுவான். அதிலும் அமெரிக்க ரிங்க் (பனித்தளம்) 26 மீட்டர் அகலம்தான், ஐரோப்பாவில் அப்போது 30. ஓரத்தில் இருக்கும் ஆள்கூட அமெரிக்காவில் கோலுக்கு நெருக்கம். ஹாஷெக் தப்பித்தது இடுப்பின் நெகிழ்வால்: விழுந்த பிறகும் இரண்டாவது, மூன்றாவது ஷாட்டுக்கு உடம்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

1992 ஆகஸ்டில் சிகாகோ அவரை பஃபலோ அணிக்குத் தள்ளிவிட்டது. கிடைத்தது ஸ்டெஃபான் பொரகார் என்ற கோலியும் ஒரு டிராஃப்ட் தேர்வும். படுமோசமான பேரம். 1993-94-இல் பஃபலோவின் கோலி கிராண்ட் ஃபியூருக்குக் காயம்பட, ஹாஷெக் 58 ஆட்டம் ஆடினார். 3358 நிமிடத்தில் 109 கோல். ஒரு ஆட்டம் 60 நிமிடம்; 109-ஐ 60-ஆல் பெருக்கி 3358-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 1.95 கோல்தான் விட்டிருக்கிறார். 1974-இல் பெர்னி பேரன்டுக்குப் பிறகு முன்னணி கோலி யாரும் 2-க்குக் கீழே போகவில்லை.

அந்த ஏப்ரலில் நியூ ஜெர்சியோடு நான்கு ஓவர்டைம் போன ஆட்டத்தில் 70 ஷாட்டைத் தடுத்து 1-0 ஜெயம். எதிர்க் கோலில் 21 வயது மார்ட்டின் புரொடூர். 22-க்கு முன்பே இடம் பிடித்தவர்; உன் விதிக்கு அவர் பொருந்துவார், மறுக்கவில்லை.

நீ சொல்லும் பையனுக்கு முன்னால் வரிசையில் யார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. வயதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
சேகர்