சறுக்கிய பூட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லி மழுப்பலாம். உன்னிடம் அது வேண்டாம். நீ கேட்டிருந்த ஒரு கேள்விதான் என் கையைக் கட்டிப் போட்டது. "இந்த வேட்டைப் பருவத்துக்குத் துப்பாக்கியை வைத்துச் சுட, உயரம் மாற்றுகிற மாதிரி நல்ல தாங்கி ஒன்று வாங்கப் போகிறேன், நீ எதன் மேல் வைத்துச் சுடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் போன பருவத்தின் கடைசி வாரத்தில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். வாத்தியாருக்கு மட்டும்தான் அது தெரியும்.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் சிநேகிதன் கண்ணாடி இன்னும் அந்த நரிக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறானா? அவனை நான் விசாரித்ததாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருந்த ஒற்றைக் கம்பை நீ பார்த்திருக்கிறாய். அலுமினியம், மூன்று துண்டு, தலையில் ரப்பர் ஒட்டிய கவை, திருகி இறுக்குகிற பூட்டு. எடையே தெரியாது. நடக்கும்போது ஊன்றிக்கொள்ளலாம், நின்றால் துப்பாக்கியை அதன் மேல் வைக்கலாம் என்றுதான் ஆறு வருஷமாக அதையே தூக்கிக்கொண்டு அலைந்தேன். அன்றைக்குச் சூரியன் இறங்கிவிட்டது. வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். இடுப்பளவு புல். படுத்தால் எதுவும் தெரியாது, உட்கார்ந்தாலும் தெரியாது. புல்வெளி ஓரத்தில் பெண் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது, 150 மீட்டர். கம்பை ஊன்றி, குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கவையில் வைத்து, தோளுக்குப் பின்னால் குறி பிடித்தேன். ட்ரிகரைப் பாதி இழுத்திருப்பேன், அடித்துண்டு 'சர்ர்' என்று உள்ளே இறங்கியது. ஒரு விரற்கடைகூட இருக்காது. இடக்கை தானாகக் கம்பைப் பிடிக்கப் போனது, குறி பின்பக்கம் ஓடியது, அந்த நேரம் பார்த்துக் குண்டு போய்விட்டது.

மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மெல்ல நடந்து புதருக்குள் போனது. அப்படி நடந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கருத்த ரத்தம் கொஞ்சம், அதில் பச்சையாகச் செரிக்காத புல், அந்த நாற்றம். குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே பின்னால் போனால் எழுந்து ஓடி எங்கேயோ போய்விடும், பொழுது விடியும்வரை விடுவதுதான் சரி என்று புத்திக்குத் தெரிகிறது. அந்த ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். நானூறு அடி தள்ளி, ஓடைக்கரை நாணலில் படுத்திருந்தது. உயிர் இருந்தது. எங்கள் காலடி கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. முடித்து வைத்தேன். வாத்தியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பூட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம், அதுதான் விரிந்து குழாயைக் கவ்வ வேண்டும். அதன் மேல் மாவு மாதிரி நுண்ணிய மண் படிந்திருந்தது. விரலால் வழித்துவிட்டுப் பார்த்தால், வளையத்தில் இருக்க வேண்டிய வரி எதுவும் இல்லை. கண்ணாடிபோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆறு வருஷம் சேற்றிலும் மணலிலும் ஊன்றி நடந்திருக்கிறேன், ஒரு நாள்கூடப் பிரித்துத் துடைத்ததில்லை. கம்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம்தான் இதை உட்கார்ந்து முறையாக யோசித்தேன். 20 செ.மீ. காகிதத் தட்டை 150 மீட்டரில் மாட்டினேன். மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் அடிக்க வேண்டிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். மேசை மேல் மணல்பை வைத்துச் சுட்டால் என் துப்பாக்கி ஒரு மினிட்டுக்குள் அடிக்கும். ஒரு மினிட் என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு, 100 மீட்டரில் 2.9 செ.மீ. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தைரியமாக இருந்தேன். ஒற்றைக் கம்பில் நின்றபடி ஸ்கோப்பைப் பார்த்தால் குறி ஆறு மினிட் அகலத்துக்கு அலைகிறது. 150 மீட்டரில் அது 26 செ.மீ. தட்டைவிடப் பெரிசு! பத்துக் குண்டில் ஐந்துதான் தட்டில் பட்டது. பூட்டு சறுக்காமல் இருந்திருந்தாலும் அந்தத் தூரத்தில் அந்தக் கம்பை நம்பிச் சுட்டிருக்கக் கூடாது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று சாமான் எழுதியிருந்தாய். துப்பாக்கியிலேயே மாட்டுகிற இரண்டு கால் பைபாட், லீவரை அழுத்தினால் கால் இறங்குகிற கம்பு, துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கிற பெரிய மூன்று கால் டிரைபாட். உன் மனசு டிரைபாட்டில் இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. கூடாரத்துக்கு இரும்புக் கட்டில் தூக்கி வந்தவன் ஆயிற்றே நீ!

பைபாடைத் தள்ளிவிடாதே, ஆனால் அது படுத்துச் சுடுகிறவனுக்கு. ஹாரிஸ் கம்பெனி பைபாடில் 6 முதல் 9 அங்குலம்வரை உயர்கிற சின்னது படுப்பதற்கு, 13.5 முதல் 27 அங்குலம் போகிறது உட்காருவதற்கு. நிற்க ஆகாது. நீ போகிற இடத்தில் புல் எவ்வளவு உயரம் என்று முதலில் யோசி. முழங்காலுக்கு மேல் என்றால் சின்ன பைபாட் முழு நாளும் குழலுக்கு அடியில் தொங்கும் சுமைதான். வெறும் பாறையில் அதன் காலை வைத்துச் சுட்டால் துப்பாக்கி எகிறும், குண்டு மேலே போகும். அடியில் பையையோ கையுறையையோ போட்டுக்கொள்.

டிரைபாட் மூன்றிலும் அசைவு குறைந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். வாத்தியாரின் டிரைபாடில் வைத்துச் சுட்டபோது பத்தும் தட்டில் பட்டது. நடுத்தண்டை மட்டும் உயர்த்தாதே, உயர்த்தினால் ஒற்றைக் கம்பு மாதிரிதான் ஆடும். உயரத்தைக் காலில் எடு, நடுவில் முதுகுப்பையைத் தொங்கவிடு. ஆனால் உன்னுடையது பழைய மரக்கட்டைத் துப்பாக்கி. கவ்வி அதன் முன்கட்டையை நெருக்கினால் கட்டை வளைந்து குழலைத் தொடும், தொட்டால் ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தது, நகர்ந்துவிடும். டிரைபாட் தலையில் நேராகப் பூட்டுகிற 38 மி.மீ. ஆர்கா தகடு ஒன்றைக் கீழே பொருத்தலாம் என்றால் உங்கள் அப்பா கொடுத்த அந்தக் கட்டையில் துளை போட வேண்டியிருக்கும். அதைச் செய்யாதே. டிரைபாட்தான் வாங்குவாய் என்றால் கவ்விக்குப் பதிலாக அகலமான ரப்பர் கவை உள்ளதாகப் பார். இன்னொன்று, மூன்று காலையும் விரித்து, உயரம் பார்த்து, தலையை இறுக்கி முடிக்கும்வரை மான் நமக்காக நிற்காது.

நான் வாங்கியிருப்பது மூன்று கால் கம்பு, லீவர் வைத்தது. பிடியில் உள்ள லீவரை அழுத்தினால் காலெல்லாம் ஒரே மூச்சில் இறங்கும், விட்டால் நிற்கும். ஒரு கை போதும். இரண்டு கால் உள்ளதும் பரவாயில்லை, பக்கவாட்டில் ஆடாது. ஆனால் முன்னும் பின்னும் ஆடும், அதற்கு உன் உடம்பைத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். உன் முழங்காலை வைத்துக்கொண்டு அதை நம்ப முடியாது.

உயரத்தைக் கடையில் நின்று பார்க்காமல் வாங்காதே. எல்லோரும் அதிகபட்ச உயரத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். நீ நேராக நிற்கும்போது கவை கண் மட்டத்துக்கு வர வேண்டும், மேட்டில் நிற்கிற மானைச் சுட இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அதே அளவு முக்கியம், எவ்வளவு தாழும் என்பது. உன்னால் மண்டியிட முடியாது, உட்கார முடியும். உட்கார்ந்தால் பாதி ஆட்டம் போய்விடும். தரையில் உட்கார்ந்தபடி உன் கன்னத்துக்கு எட்டுகிற அளவு தாழாத தாங்கி உனக்கு உதவாது.

அடுத்தது பூட்டு. இதைத்தான் நான் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை சுட்டவர்கள் ஷார்ப்ஸ் துப்பாக்கியை இரண்டு குறுக்குக் கம்பில் வைத்துத்தான் சுட்டார்கள். மேலே ஓர் இடத்தில் சேர்த்த இரண்டு கம்பு, அவ்வளவுதான். விரித்தால் தாழும், குவித்தால் உயரும். உயரம் மாற்ற முடிகிறது, ஆனால் சறுக்குவதற்கு அதில் ஒரு பூட்டும் இல்லை. நாம் வாங்குகிறதில் ஒவ்வொரு மூட்டும் சறுக்கக்கூடிய இடம். காலுக்கு மூன்று துண்டு இருப்பதைவிட இரண்டு துண்டு இருப்பது மேல். பையில் நீளமாக நீட்டிக்கொண்டு நின்றால் நிற்கட்டும். திருகு பூட்டு இறுகியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மடக்கிப் பூட்டுகிற பூட்டு என்றால் இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். எதுவாக இருந்தாலும் கால்களை நீட்டி, பூட்டி, கவையில் இரண்டு கையையும் வைத்து உன் எடையைப் போட்டு அழுத்து. ஒரு நூல் இறங்கினாலும் அது வேண்டாம். வாங்கிய பிறகு, சேற்றில் ஊன்றிய நாளெல்லாம் கழற்றித் துடை. அப்படியே காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டியும் பார். உலோகம் உலோகத்தில் இடித்து 'கிளிங்' என்றால் மான் நமக்கு முன்னால் கேட்டுவிடும்.

இத்தனை செய்தும் பின்பக்கம் ஆடினால் முன்பக்கம் பாறையாக இருந்து புண்ணியமில்லை. உட்காரும்போது வலது முழங்கையை முழங்காலில் ஊன்று, அல்லது முதுகுப்பையை மடியில் வைத்துக் கையை அதன் மேல் போடு. நிற்கும்போது பக்கத்தில் மரம் இருந்தால் சாய்ந்துகொள். குழலை மட்டும் ஒருநாளும் கவையில் வைத்துவிடாதே, முன்கட்டையைத்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் வாத்தியாரே ஒரு தடவை குழலை வைத்திருக்கிறார். குண்டு போன இடம் உனக்கு நினைவிருக்கும். மணல்பையில் போட்ட ஜீரோவை அப்படியே நம்பாமல், புதுத் தாங்கியில் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடு.

இப்போது தினம் சாயங்காலம் துப்பாக்கியைத் திறந்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வெறும் ட்ரிகர் பதினைந்து தடவை. நடந்துகொண்டே இருப்பேன், நின்று கம்பை இறக்குவேன், குறி நிலைப்பதற்கு எவ்வளவு நேரம் என்று எண்ணுவேன். ஆரம்பத்தில் பதினான்கு நொடி, இப்போது எட்டு. வாரம் ஒருநாள் குண்டு போட்டும் சுடுகிறேன். நின்றபடி 120 மீட்டரில் பத்தும் தட்டில் விழுகிறது, 150-இல் எட்டு. அதனால் வரும் பருவத்தில் நின்றபடி 120-ஐத் தாண்டிச் சுடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் சரி.

உன்னைப் பற்றித்தான் இப்போது கவலை. பருவம் திறக்கிற வாரம் தாங்கியை வாங்கி, உறையைப் பிரித்து, நேரே காட்டுக்குக் கொண்டுபோகிற ஆள் நீ. போன தடவை ஸ்கோப்பை அப்படித்தான் செய்தாய். இந்தத் தடவை அது வேண்டாம் மாப்பிள்ளை, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மான் தலையைத் தூக்கிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதை நீயும் பார்க்க வேண்டாம்.

பருவம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே கிளம்பி வா. எதையும் வாங்காமல் வா. என் மூன்று கால் கம்பு இருக்கிறது, வாத்தியார் டிரைபாடைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், பைபாட் கண்ணாடியிடம் சும்மாதான் கிடக்கிறது, அவனையும் இழுத்துக்கொண்டு வா. நரிக் கதையை இன்னொரு தடவை கேட்கவும் நான் தயார். மூன்றிலும் உன் துப்பாக்கியை வைத்து, நின்றும் உட்கார்ந்தும் சுட்டுப் பார்ப்போம். எதில் தட்டு அதிகம் கிழிகிறதோ அதை வாங்கு.

வரும்போது காகிதத் தட்டு நாலு கட்டு எடுத்து வா. இங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது.

உன்,
பழைய பங்காளி