நீல டிராகனைத் தொட வேண்டாம், பார்க்கட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வாடைக் காற்று தொடங்கியதிலிருந்து நம் பிள்ளைகள் சிலர் கடற்கரையில் கிடைப்பதையெல்லாம் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு வகுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். சிப்பியும் சங்கும் வந்தவரை எனக்கு மகிழ்ச்சிதான். இந்த வாரம் ஒரு பாட்டிலில் நீல டிராகன் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உங்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீல டிராகன் ஓடில்லாத கடல் நத்தை வகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். ஆள்காட்டி விரலின் பாதி நீளம்கூட இராது. அதிகம் போனால் 3 சென்டிமீட்டர். பக்கவாட்டில் விரல்களைப் போல விரிந்த கிளைகளும் பளிச்சென்ற நீலமும் எந்தக் குழந்தையையும் கையை நீட்டவைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் இவை ஒதுங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம்.

இதன் வீடு கரையன்று, வெப்பமான பெருங்கடல்களின் மேற்பரப்பு. காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்தபடி மிதக்கிறது. நமக்குத் தெரியும் நீலப்பக்கம் உண்மையில் அதன் வயிறு. மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடலின் நீலத்தோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, வெள்ளி நிற முதுகு ஒளிரும் நீர்ப்பரப்போடு மறைந்துவிடும். காற்றை எதிர்த்து நீந்திச் செல்லும் வலு அதற்கு இல்லை. அதனால்தான் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று பலமாக வீசும் நாட்களில் மணலில் வந்து கிடக்கிறது.

பிள்ளைகளிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டியது அது என்ன சாப்பிடுகிறது என்பதைத்தான். அதன் முக்கிய இரை போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்ற கொட்டும் உயிரினம். நீல நிறக் காற்றுப்பையோடு மிதக்கும் அதன் கொடுக்கு இழைகள் 10 மீட்டர், சில சமயம் 30 மீட்டர்கூட நீளும். நீலப் பொத்தான் எனப்படும் வட்டமான சிறு உயிரினத்தையும் நீல டிராகன் தின்னும். இரையின் கொட்டும் செல்கள் செரிக்காமல் தப்பி, அதன் விரல் போன்ற கிளைகளின் நுனியில் போய்ச் சேருகின்றன. தனக்கென நஞ்சு தயாரிக்காமல், தின்றதையே ஆயுதமாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை பாடமாக நடத்தினாலும் வியப்பு குறைவதில்லை. சிறிய இடத்தில் அந்தச் செல்கள் திரண்டிருப்பதால், இரையைவிட இது கடுமையாகக் கொட்டக்கூடும். செத்துக் கிடந்தாலும் கொட்டும். குச்சியால் புரட்டுவது, வாளியில் போட்டு விளையாடுவது எதுவும் வேண்டாம்.

கொட்டினால் கடுமையான வலி, தடிப்பு, சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். தேய்க்காதீர்கள், மணலோ சுண்ணாம்போ பூசாதீர்கள். ஒட்டியிருக்கும் இழைகளைக் கடல்நீர் ஊற்றிக் கழுவி, வெறுங்கை படாமல் எடுத்துவிடுங்கள். பிறகு தாங்கக்கூடிய வெந்நீரில், அதாவது சுமார் 45 டிகிரி செல்சியஸில், கொட்டிய இடத்தை 20 நிமிடம் மூழ்கவையுங்கள். சூட்டைப் பெரியவர் ஒருவர் கைவைத்துப் பார்த்துவிட வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ முகவீக்கமோ இருந்தால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கடற்கரைப் பக்கமே விடமாட்டேன் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். கடலோரத்தில் வளரும் பிள்ளைக்கு, அலையில் என்ன வருகிறது, ஏன் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மீன்பிடிக்கப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த பெற்றோர்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. எந்தக் காற்றில் எந்தச் சொறி (ஜெல்லி மீன்) வரும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். உங்களில் ஒருவர் வந்து வகுப்பில் பேசினால் நாங்கள் நன்றியோடு கேட்போம்.

வரும் சனிக்கிழமை காலை 6, 7, 8-ஆம் வகுப்பு மாணவர்களை ஆசிரியர்கள் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறார்கள். கண்ணால் பார்ப்பது, நோட்டில் வரைவது, இரண்டு மட்டுமே. வெறுங்காலோடு யாரும் வரக் கூடாது. விரல் மூடிய காலணி அவசியம். ஒவ்வாமை உள்ள பிள்ளையானால் அதை அனுமதிச் சீட்டில் எழுதி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்