அட்டையில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: வேலூர் மாவட்ட மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை முதலாளிகளுக்கும், மருந்தாளுநர்களுக்கும், கவுன்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் 22 வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். காய்ச்சல் மாத்திரை நாலு வெட்டிக் கொடுத்தாலும் அட்டையில் 1-0-1 என்று எழுதாமல் கொடுப்பதில்லை. ‘சாப்பிட்டப்புறம் போடுங்க’ என்று வாயாலும் சொல்வோம். நீங்களும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு மருந்தை மட்டும் பழைய பேப்பரில் சுற்றி, எதுவும் எழுதாமல், வாங்குபவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிடுகிறோம். லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த மரத்துப்போகும் க்ரீம். ஊசி குத்தும் இடத்தில் வலி தெரியாமலிருக்க வந்த மருந்து அது. என் கடையில் அதை வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் விந்து முந்துகிறது என்று வருகிறவர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பேரணாம்பட்டு பக்கம் டேனரியில் வேலை செய்யும் பையன், கல்யாணமாகி இரண்டு மாதம். ‘அண்ணா, அந்த க்ரீம்...’ என்று இழுத்தான். எடுத்துக் கொடுத்தேன், காசை வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தான். பின்னால் படிக்கட்டோரம் அவன் மனைவி. ‘எனக்கும் ஒண்ணும் தெரியல, அவளுக்கும் தெரியல, ஒரே எரிச்சல்ங்கறா’ என்றான். அந்தப் பெண் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, ‘எனக்கு ஏதாவது நோயா அண்ணா?’ என்று கேட்டது. மூன்று நாளாக அது அப்படி நினைத்து அழுதிருக்கிறது.

விசாரித்தால், பையன் பிளஸ் டூ படித்தவன். பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். கனமாகப் பூசி, மேலே மூடி, ஒரு மணி நேரம் விடச் சொல்கிறது சீட்டு. அப்படியே செய்திருக்கிறான். அது கையில் ஊசி போடுவதற்கான அளவு என்று அவனுக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆணுறுப்பின் தோல் மெல்லியது, மருந்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். கையில் ஒரு மணி நேரம் எடுப்பது அங்கே 10, 15 நிமிடத்தில் நடந்துவிடும். துருக்கியில் 40 பேரிடம் செய்து 2002-ல் வெளிவந்த ஆய்வில், 20 நிமிடம் வைத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. 45 நிமிடம் வைத்தவர்களுக்கு மரத்துப்போய் விறைப்பே நிற்கவில்லை. இப்படி ஆனவன்தான் பயந்துபோய் மறுநாள் வேறு கடையில் வீரிய மாத்திரை கேட்கிறான். இதே இரண்டு மருந்தும் சேர்ந்த ஸ்ப்ரே ஒன்றுக்கு ஐரோப்பாவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. அதற்கும் கணக்கு உண்டு: மூன்று முறை அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு உறவு, அடுத்த தடவைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் இல்லை.

நம் ட்யூபுக்கு நான் சொல்வது இதுதான். பட்டாணி அளவு எடுத்து ஆணுறுப்பின் நுனியிலும் அந்த நுனியின் அடிப்பக்கத்திலும் தடவ வேண்டும். 10, 15 நிமிடம் போதும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கையையும் சேர்த்து. கழுவாமல் சேர்ந்தால் மருந்து மனைவிக்குள் போய் அவருக்கும் மரக்கும். வாய் பட்டால் நாக்கும் தொண்டையும் மரக்கும். கழுவிய பிறகு ஆணுறை போட்டால் இன்னும் நல்லது. பலன் போதவில்லை என்று மேலே மேலே பூசக் கூடாது. புண், வெடிப்பு, அரிப்பு இருந்தால் தொடவே கூடாது. மனைவி கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்தாலோ டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று, நம் வட ஆற்காட்டுக்கென்றே சொல்ல வேண்டியது. தொழுநோய்க்கு டாப்சோன் சாப்பிடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கரிகிரி ஆஸ்பத்திரியே அந்த நோய்க்காக வந்ததுதான். டாப்சோனும் பிரிலோகெயினும் சேர்ந்தால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம். சல்பா மாத்திரை சாப்பிடுகிறவர், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறை உள்ளவர், இதயத் துடிப்புக்கு மருந்து எடுப்பவர் ஆகியோருக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். உதடும் நகமும் நீலம் பூத்தாலோ, மூச்சு முட்டினாலோ, காது இரைந்து தலை சுற்றினாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

க்ரீம் தேவையே இல்லாதவர்களும் நம்மிடம் வருகிறார்கள். ஐந்து நாட்டுத் தம்பதிகள் உறவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கெடுத்ததில் நடுமட்ட நேரம் 5.4 நிமிடம்தான் வந்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸைப் படித்தவனுக்கு அரை மணி நேரம் வராவிட்டால் ஆண்மையே இல்லை என்று தோன்றுகிறது. அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று. நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை. உள்ளே என்ன மருந்து என்றே போடாத ஸ்ப்ரேயும் தைலமும் கொண்டுவந்து கமிஷன் பேசுகிறவர்களைத் தயவுசெய்து படியேற்றாதீர்கள். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று முந்த ஆரம்பித்தால் தைராய்டு, புராஸ்டேட் வீக்கம், விறைப்புக் குறைவு என ஏதாவது பின்னால் இருக்கலாம். அவரை டாக்டரிடம் அனுப்புவதுதான் நம் வேலை.

கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்பீர்கள். நியாயம்தான். பக்கத்தில் ஒரு அம்மா பிரஷர் மாத்திரைக்கு நிற்பார். நம் கவுன்டர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். அவர்களுக்கும் கூச்சம், கேட்கிறவனுக்கும் கூச்சம். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். எழுதினால் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். மருந்தாளுநர் விளக்கிச் சொல்லித்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 2015 விதிமுறையும் சொல்கிறது.

நாளைக்குக் கடை திறந்ததும் அலமாரியில் இருக்கும் ட்யூப் பெட்டிகளை எடுத்து, மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் இதை எழுதி வையுங்கள்: ‘பட்டாணி அளவு. 10–15 நிமிடம். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே. உள்ளே இருக்கும் சீட்டு ஊசிக்கு, இதற்கு இல்லை.’

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு மருந்தாளுநர்